மூவாயிரத்து அறுநூறு இழுப்பு

குளுகோர் மேட்டில் எங்கள் ஆய்வுக்கூடம்.
சிலிக்கான் தாளில் ஒட்டி வளரும் எலும்புச் செல்களை
நொடிக்கு ஒருமுறை இழுத்து விடுகிறது ஓர் இயந்திரம்.
அதற்கு நான்தான் ஆயா.
முப்பத்தேழு டிகிரி. ஈரத்தட்டில் தண்ணீர்.
ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு இழுப்பு.
டைமர் பழுது, கையால்தான் நிறுத்த வேண்டும்.

எலும்பைக் கல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
கல்லுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது,
மயிரிழை வாய்க்கால்களில் விரல்களை விட்டு
அண்டை வீட்டுக்காரியைத் தொட்டபடி.
நாம் படியேறினால் வாய்க்காலில் நீர் அசையும்.
அதைக் கேட்டு
இங்கே கட்டு, அங்கே இடி என்று ஆளனுப்பும்.
படுத்தே கிடந்தால்
இந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று
சுவரைத் தின்னக் கொடுத்துவிடும்.

கோகிலவாணியும் நானும் ரெலாவில் பாதிப் பாதி வாடகை.
அவளுக்குப் பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட்,
மைக்ரோஸ்கோப்பில் சில்லுகளின் கால்களை எண்ணும் வேலை.
"ரெண்டு பேருக்கும் ஒரே குழாய்தான்.
நீ உயிரைப் பாக்குற, நான் உயிரை விடுறேன்."

தனக்குத் தாடையே இல்லை என்பது அவள் கட்சி.
ஓவர்டைம் காசு சேர்ந்ததும்
சுங்கை ஆராவில் பதினோராவது மாடிக்குப் போனாள்.
சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து ஒருத்தி
ஊசிக்கு ஐந்நூறு வெள்ளி வாங்கினாள்,
முடிந்ததும் மைலோ கொடுத்தாள்.
சில மாதத்தில் தாடை மறுபடி உள்ளே போனது.
"கரைஞ்சிருச்சு போல" என்று
மூன்று வருடத்தில் நாலு முறை ஏற்றிக்கொண்டாள்.
நான் ஒவ்வொரு முறையும்
நல்லா இருக்கு என்றேன்,
போனைப் பார்த்தபடி.

ஐந்தாவது முறை, மூக்கு.
ஊசி போன கையோடு வெளுத்ததாம்.
ஐஸ் வை, சரியாயிடும் என்றாளாம் அவள்.
ராத்திரி பதினொன்றுக்கு மூக்கோரம்
ஊதா வலை விழுந்திருந்தது.
மைலோக்காரியின் போன் அணைந்திருந்தது.

ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை விட்டு வந்தேன்.
கடலோரச் சாலை, வலப்பக்கம் பாலத்து விளக்குகள்.
கண்ணாடியை மடக்கிவிடு என்றாள்.
மடக்கினேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர்
கன்னத்தை அழுத்தி விரலை எடுத்து
நிறம் திரும்பும் நொடிகளை எண்ணினார்.
பழக்க தோஷம், நானும் எண்ணினேன்.
ஆறு. ஏழு.
கரைக்கும் மருந்தைக் குத்தி, ஒரு மணி நேரம் பார்த்து,
மறுபடி குத்தி.
மூன்றாவது தடவை சிவப்பு வந்தது,
வேண்டாவெறுப்பாக வீடு திரும்புகிறவன் மாதிரி.
மூக்குமடலில் உளுந்தளவு இடத்துக்கு மட்டும் வரவில்லை.

எடுத்த ஸ்கேனில் தாடையும் விழுந்திருந்தது.
எலும்பின் முகப்பில் ஒரு குழி,
விளக்கெண்ணெய்க் கரண்டி ஆழத்துக்கு.
ஊசி மருந்து அங்கே அப்படியே இருந்தது,
கொஞ்சமும் கரையாமல்.
அது அழுத்த அழுத்த
பின்னால் நகர்ந்தது எலும்பு.
சிலருக்கு இப்படி ஆகிறது,
இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது
என்றார் டாக்டர்.

"உன் செல்லு இதைச் சொல்லியிருக்காதா?"
பாதி உதடு மரத்துக் கேட்டாள்.
சொல்லியிருக்கும்டி.
அது பேசுவது எலும்போடு.
உன் முகத்துக்கு எதிரில்
மூன்று வருடம் சோறு தின்றவள் நான்.

விடிந்து நான் போனபோதும்
இழுத்துக்கொண்டுதான் இருந்தது இயந்திரம்.
எண் ஐந்து இலக்கத்தைத் தாண்டவில்லை,
அதுவரைதான் திரையில் இடம்,
சுழியத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்ததோ என்னவோ.
சில செல்கள் தாளை விட்டு மிதந்தன.
சில இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.

பதிவேட்டில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று
ஒரு சின்னக் கட்டம்.
மூக்கு என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி மூக்கு என்றே எழுதினேன்.